சம்பளத்தை விட்டுக்கொடுத்தார் என்று எழுதும்போது மீதிக் கணக்கையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஒரு பெரிய ஆட்டக்காரர் குறைந்த சம்பளத்துக்குப் பட்டம் வெல்லக்கூடிய குழுவில் சேர்ந்தாலோ, தன் குழுவிலேயே குறைத்து வாங்கிக்கொண்டு தங்கினாலோ, நம் விளையாட்டுப் பக்கங்களில் அந்தச் செய்தி இரண்டு விதமாகத்தான் வருகிறது. ஒன்று, கோடிகளைத் துறந்த கொடைவள்ளல். மற்றது, பட்டம் வென்றவர்களுக்குத் தரும் மோதிரத்துக்காக ஆள் சேர்த்துக்கொண்டு ஆடுபவர். இரண்டிலும் ஒரே ஓர் எண்தான் இருக்கும்: அவர் விட்டுக்கொடுத்த தொகை. அந்தத் தொகை எங்கே போனது, எந்த விதியின்கீழ் போனது, அதை வைத்துக் குழு யாரை எடுத்தது என்பது எழுதப்படுவதே இல்லை. அது தெரியாமல் வள்ளல் என்றும் சொல்ல முடியாது, வசைபாடவும் முடியாது.

சிங்கப்பூரில் இந்த லீக்கைப் பின்தொடரும் தமிழர்கள் குறைவில்லை. இறுதிச் சுற்று ஆட்டங்கள் நம் நேரப்படி காலை எட்டரை மணிவாக்கில் தொடங்குகின்றன. வேலைக்குப் போகும் எம்ஆர்டியில் கைப்பேசியில் பார்க்கிறார்கள். மாலையில் குடியிருப்புப் பேட்டைத் திடலில் பந்து போடும் பிள்ளைகள் அதைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது என்று நினைத்து விட்டுவிட வேண்டியதில்லை. பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்டக்காரர் தன் சம்பளத்தை நடுவில் குறைத்துக்கொள்ள லீக் அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதலாம், ஆனால் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. "இந்த ஆண்டு பத்து மில்லியனைக் குழுவுக்கு விட்டுத்தரப் போகிறார்" என்று ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தால் அது நடக்கப்போவதில்லை. குறைவாக வாங்க மூன்று வழிகள்தான் உண்டு. ஒப்பந்தம் முடிந்து ஃப்ரீ ஏஜெண்ட், அதாவது எந்தக் குழுவுடனும் பேசக்கூடியவர் ஆனபின் புதிய ஒப்பந்தத்தை, அல்லது அதற்கு முன்பே அடுத்து வரும் ஆண்டுகளுக்கான நீட்டிப்பை, குறைந்த தொகைக்கு எழுதுவது; கடைசி ஆண்டில் தங்குவதா விலகுவதா என்று முடிவெடுக்கும் உரிமை ஆட்டக்காரர் கையில் இருந்தால், விலகிவிட்டுக் குறைந்த தொகைக்குத் திரும்பக் கையெழுத்திடுவது; இல்லாவிட்டால் பைஅவுட், அதாவது பழைய குழுவிடம் பாக்கித் தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வெளியேறி வேறு குழுவில் சிறு தொகைக்குச் சேர்வது. 2025 ஜூலையில் பிராட்லி பீல் ஃபீனிக்ஸ் குழுவிடம் 13.9 மில்லியன் டாலரை விட்டுவிட்டு, ஏறத்தாழ 5.3 மில்லியனுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸில் சேர்ந்தது மூன்றாம் வகை.

அடுத்தது, விட்ட பணம் எப்போது இன்னோர் ஆட்டக்காரராக மாறும் என்பது. செய்திகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு குழு தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் சேர்த்துத் தரும் சம்பளத்துக்கு, 2025-26 பருவத்துக்கான உச்சவரம்பு 154.647 மில்லியன் டாலர். அதைத் தாண்டக்கூடாது என்பதில்லை; சொந்த ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்ளத் தாண்டலாம், சில சலுகைகளைக் கொண்டும் தாண்டலாம். 187.895 மில்லியனைக் கடந்தால் குழு லீக்குக்குச் சொகுசு வரி கட்ட வேண்டும். 195.945 மில்லியனில் முதல் ஏப்ரன் என்ற கோடு, 207.824 மில்லியனில் இரண்டாம் ஏப்ரன். ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் குழு சில உரிமைகளை இழக்கிறது.

பட்டத்துக்குப் போட்டியிடும் குழு அநேகமாக எப்போதும் உச்சவரம்புக்கு மேல்தான் இருக்கும். அங்கே நட்சத்திரம் பத்து மில்லியன் குறைத்தால் பத்து மில்லியனுக்கு ஓர் ஆளை எடுக்கலாம் என்பது கிடையாது. ஒரு குழுவின் மற்ற 13 ஆட்டக்காரர்களின் சம்பளம் 141 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு அனுபவமுள்ள நட்சத்திரம் தனக்கு உரிய உச்சத்தொகையான, உச்சவரம்பில் 35 விழுக்காட்டை, அதாவது 54.1 மில்லியனை முழுதாக வாங்கினால் மொத்தம் 195.1. முதல் ஏப்ரனுக்கு ஒரு மில்லியன்கூட இடைவெளி இல்லை. அந்த நிலையில் வெளியாள் ஒருவரை எடுக்க அக்குழுவிடம் இருப்பது வரி கட்டும் குழுக்களுக்கான சிறிய மிட் லெவல் சலுகை, 5.685 மில்லியன். நட்சத்திரம் 40 மில்லியனுக்குச் சம்மதித்தால் மொத்தம் 181. அப்போது முழு மிட் லெவல் சலுகையான 14.104 மில்லியனையும் பயன்படுத்தலாம், பயன்படுத்தியபின் 195.1, முதல் ஏப்ரனுக்குள் அடங்குகிறது. முழுச் சலுகையைத் தொட்ட குழு அந்தப் பருவம் முடியும்வரை முதல் ஏப்ரனைத் தாண்டவே கூடாது என்பதும் விதி.

நட்சத்திரம் விட்டது 14.1 மில்லியன். வெளியாளுக்குத் தரக்கூடிய தொகை கூடியது 8.4 மில்லியன். மீதி 5.7 மில்லியன் சம்பளச் செலவில் முதலாளிக்கு மிச்சம். சொகுசு வரியையும் சேர்த்துப் பாருங்கள்: முதல் சூழலில் குழு வரி எல்லைக்கு 12.9 மில்லியன் மேலே நிற்கிறது, இரண்டாவதில் 7.2 மில்லியன்தான். அந்த வரி அடுக்கடுக்காக ஏறுவது. முதல் அடுக்கில் டாலருக்கு ஒரு டாலர், அடுத்ததில் 1.25, அதற்கடுத்ததில் 3.50, தொடர்ந்து வரி கட்டிவரும் குழுவுக்கு இன்னும் அதிகம். எனவே வரியிலும் பத்து மில்லியனுக்கு மேல் முதலாளிக்கு மிச்சமாகிறது. நட்சத்திரத்தின் ஒரு கையெழுத்தில் நல்ல துணை ஆட்டக்காரர் ஒருவர் வந்தார் என்பது உண்மை. அதைவிடப் பெரிய தொகை முதலாளியிடம் தங்கியது என்பதும் உண்மை. இரண்டையும் எழுதினால்தான் செய்தி முழுமை.

உச்சவரம்புக்குக் கீழே இருக்கும் குழுவில் கணக்கு நேரடியானது. 2010ல் மயாமி அப்படித்தான் இருந்தது. அவ்வாண்டின் உச்சவரம்பு 58.044 மில்லியன். லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் பாஷும் முதல் ஆண்டுக்கு 14.5 மில்லியன் வீதமும், டுவைன் வேட் அதைவிடச் சற்றுக் குறைவாகவும் வாங்கினார்கள். அவர்கள் கேட்டிருக்கக்கூடிய உச்சத்தொகை தலைக்கு சுமார் 16.6 மில்லியன். மூவரும் விட்ட ஆறரை மில்லியன் அப்படியே இடமாக மாறி, மைக் மில்லரை எடுக்கவும் யுடோனிஸ் ஹாஸ்லமைத் தக்கவைக்கவும் உதவியது. 2012 இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் மில்லர் எட்டு மூன்று-புள்ளி வீச்சுகளில் ஏழைப் போட்டார்; மயாமி பட்டம் வென்ற ஆட்டம் அது. ஆளுக்கு இரண்டு மில்லியன் சொச்சம் விட்டதற்கு இதைவிடத் தெளிவான பலன் என்பிஏ வரலாற்றில் அபூர்வம்.

அதே மயாமிக்கு 2012ல் ரே ஆலன் வந்தார். பாஸ்டன் அவருக்கு ஈராண்டுக்கு 12 மில்லியன் தர முன்வந்தது. மயாமி தரமுடிந்தது சிறிய மிட் லெவல் சலுகை மட்டுமே, ஆண்டுக்கு மூன்று மில்லியன் சொச்சம். பாதி விலை. 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ 95-92 என்று முன்னணியில் இருந்தது. தொடரையும் 3-2 என்று முந்தியிருந்தது. அரங்கில் பரிசளிப்புக்கான மஞ்சள் கயிறுகளைக்கூடக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். லெப்ரான் வீசிய மூன்று-புள்ளி வீச்சு தவறியது. பாஷ் எகிறிப் பிடித்தார். ஆலன் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, குனிந்து பார்க்காமலே வலது மூலையில் மூன்று-புள்ளிக் கோட்டுக்கு வெளியே இரு கால்களையும் வைத்து, பந்து கைக்கு வந்ததும் வீசினார். கடிகாரத்தில் மீதம் 5.2 விநாடி. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்று, ஏழாவது ஆட்டத்தையும் வென்றது. அந்த மூலையில் பின்னோக்கி ஓடி நின்று வீசுவதை ஆலன் ஆண்டுக்கணக்காகத் தனியே பயிற்சி செய்தவர். மூன்று மில்லியன் சலுகைக்கு இப்படிப்பட்டவர் கிடைப்பது குழுவின் சாமர்த்தியம் மட்டுமல்ல. அவர் ஏற்றுக்கொண்ட விலை.

அந்தக் கடைசி நொடிகளில் எதிர்க்குழுவின் டிம் டங்கன் ஆடுகளத்தில் இல்லை, பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அவரும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டவர்தான். 2011-12ல் 21 மில்லியனுக்கு மேல் வாங்கிய டங்கன், 2012ல் மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 30 மில்லியன் என்று எழுதிக்கொடுத்தார். பாதிக்கும் குறைவு. அதனால் சான் அன்டோனியோவால் டேனி கிரீனையும் போரிஸ் டியாவையும் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. 2013-14 பருவத்தில் அவர் பெற்றது 10.36 மில்லியன், அந்த ஆண்டு உச்சவரம்பான 58.679 மில்லியனில் 18 விழுக்காட்டுக்கும் குறைவு. அதே பருவத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் பெற்றது 30.45 மில்லியன், உச்சவரம்பில் பாதிக்கு மேல். சான் அன்டோனியோ 62 ஆட்டங்களை வென்று பட்டமும் வென்றது. கோபி காயத்தால் ஆறு ஆட்டங்களே ஆடினார், லேக்கர்ஸ் வென்றது 27.

இதை வைத்துக் கோபியைப் பேராசைக்காரர் என்று எழுதுவது அநியாயம் என்பது என் கருத்து. அவர் பெயரைச் சொல்லி விற்ற நுழைவுச்சீட்டுக்கும் தொலைக்காட்சி உரிமைக்கும் அந்தத் தொகை ஒன்றுமே இல்லை. ஆனால் உச்சவரம்பு என்ற ஒன்று இருக்கும்வரை, ஒருவர் தகுதிக்கு வாங்கினாலும் அதன் விலையைப் பக்கத்தில் நிற்கும் நால்வரின் தரத்தில்தான் குழு கட்டுகிறது. குற்றம் விதியில் இருக்கிறது, ஆட்டக்காரரிடம் இல்லை. தலைப்பில் மட்டும் அது ஆட்டக்காரர் மேல் போய் விழுகிறது.

கெவின் டுரான்ட் 2017ல் செய்ததை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கோல்டன் ஸ்டேட் குழுவில் ஓராண்டுதான் ஆடியிருந்ததால், நீண்டநாள் ஆடியவர்களை உச்சவரம்பைத் தாண்டித் தக்கவைக்க உதவும் பேர்டு உரிமை அவர் விஷயத்தில் முழுதாகக் கிடையாது. முந்திய சம்பளத்தில் 120 விழுக்காடு, அதாவது சுமார் 31.8 மில்லியன் வரைதான் வரம்பைப் பொருட்படுத்தாமல் தரலாம். அவருக்கு உரிய உச்சத்தொகை 34 மில்லியனுக்கு மேல். அதைக் கேட்டிருந்தால் ஆண்ட்ரே இகுவடாலாவையும் ஷான் லிவிங்ஸ்டனையும் கைவிட்டு இடம் உண்டாக்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே 34லிருந்து 31.8க்கு இறங்கியது அந்த இருவரையும் காப்பாற்றியது. ஆனால் டுரான்ட் அங்கே நிற்கவில்லை, 25 மில்லியனுக்கு இறங்கினார். அந்த இரண்டாவது இறக்கம் புதிதாக எந்தச் சலுகையையும் திறக்கவில்லை. அது முதலாளிகளின் சம்பளச் செலவையும் சொகுசு வரியையும் குறைத்தது; இகுவடாலாவுக்கு மூன்றாண்டுக்கு 48 மில்லியன் கொடுக்க அவர்களுக்கு மனம் வர அது உதவியிருக்கலாம். இதைத் தியாகம் என்று எழுதினால் யாருக்காகச் செய்த தியாகம் என்பதையும் எழுத வேண்டும். 2018ல் குழு மறுபடி பட்டம் வென்றது, டுரான்ட் மறுபடி இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார் என்பதால் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது.

இன்னொரு கோளாறு, தொகையைப் பெரிதாக்கிக் காட்டுவது. 2024 ஜூலையில் நியூயார்க் நிக்ஸின் ஜேலன் பிரன்சன் நான்காண்டுக்கு 156.5 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். ஓராண்டு காத்திருந்தால் ஐந்தாண்டுக்கு சுமார் 269 மில்லியன் கிடைத்திருக்கும். உடனே உலகமெங்கும் தலைப்பு: 113 மில்லியனைத் துறந்தார். நான்காண்டையும் ஐந்தாண்டையும் கழித்தால் என்ன வரும்? 269 மில்லியன் ஒப்பந்தத்தை ஆண்டுக்கு எட்டு விழுக்காடு உயர்வோடு பிரித்தால் முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 208, ஐந்தாம் ஆண்டுக்கு 61. ஒரே நான்கு ஆண்டுகளை ஒப்பிட்டால் அவர் விட்டது சுமார் 51 மில்லியன். மீதி 61 மில்லியன் ஐந்தாம் ஆண்டின் சம்பளம். அந்த ஆண்டில் அவர் சும்மா இருக்கப்போவதில்லை. போதாததற்கு, நான்காம் ஆண்டில் விலகும் உரிமையும் அவரிடம் இருக்கிறது. 2028 கோடையில் அவருக்குப் பத்தாண்டு அனுபவம் நிறையும்போது, 30 விழுக்காடு உச்சம் 35 விழுக்காடாக ஏறும். 51 மில்லியன் சாதாரணத் தொகை அல்ல, நம் வெள்ளியில் 60 மில்லியனுக்கு மேல்; முட்டியோ கணுக்காலோ போனால் திரும்பி வராத தொகை. ஆனாலும் அது 113 அல்ல. பிரன்சனை மதிப்பவர்கள்தான் சரியான எண்ணை எழுத வேண்டும்.

வரியையும் மறந்துவிடக்கூடாது. அமெரிக்கக் கூட்டரசு வருமான வரியின் மேல் அடுக்கு 37 விழுக்காடு. கலிஃபோர்னியாவில் ஆடுபவருக்கு அதற்குமேல் மாநில வரி 13 விழுக்காட்டைத் தாண்டும். முகவருக்கு நான்கு விழுக்காடு வரை. இவை போக லீக்கின் எஸ்க்ரோ பிடித்தம் பத்து விழுக்காடு. அது நம் மத்திய சேம நிதிபோல் சம்பளம் கைக்கு வருமுன்பே பிடிக்கப்படும். ஆனால் அவர் பெயரில் சேராமல், லீக் வருமானத்தில் ஆட்டக்காரர்களின் பங்கு ஏறத்தாழ பாதி என்ற கணக்கை நேர்செய்யப் பயன்படும், மிஞ்சினால்தான் திரும்பி வரும். லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் பத்து மில்லியனை விட்டால் அவர் கையை விட்டுப் போவது பாதிக்கும் குறைவு. மாநில வருமான வரி இல்லாத டெக்சஸிலும் ஃபுளோரிடாவிலும் அதே பத்து மில்லியனில் கைக்கு வந்திருக்கும் பங்கு கூடுதல். இதைத் திருப்பியும் பார்க்கலாம்: அந்த மாநிலங்களில் குறைந்த சம்பளம் வாங்கினாலும் மிஞ்சுவது அதிகம். பெரிதாகப் பேசப்பட்ட சம்பளக் குறைப்புகளில் மயாமி மூவர், டங்கன், டர்க் நோவிட்ஸ்கி ஆகியோர் இந்த இரு மாநிலங்களைச் சேர்ந்த குழுக்களில் ஆடியவர்கள் என்பது வெறும் தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன்.

குறைத்து வாங்கியும் பலிக்காமல் போனவை பலித்தவற்றைவிட அதிகம். 2003ல் கார்ல் மலோன் 19 மில்லியனுக்கு மேல் வாங்கிய இடத்திலிருந்து 1.5 மில்லியனுக்கும், கேரி பேட்டன் 4.9 மில்லியனுக்கும் லேக்கர்ஸில் சேர்ந்தார்கள். மலோனுக்கு முட்டி போனது. 2004 இறுதிச் சுற்றில் டெட்ராய்ட் 4-1 என்று வென்றது. வயதான ஆட்டக்காரர் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அவர் மனசு மட்டுமல்ல, அவர் உடம்பும்தான். நோவிட்ஸ்கி 2014ல் மூன்றாண்டுக்கு 25 மில்லியன் மட்டும் வாங்கியதால் டாலஸ், ஹூஸ்டனிடமிருந்து சாண்ட்லர் பார்சன்ஸை 46 மில்லியனுக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு முதல் சுற்றிலேயே அதே ஹூஸ்டன் டாலஸை 4-1 என்று வெளியேற்றியது; முட்டிக் காயத்தால் பார்சன்ஸ் அந்தத் தொடரில் ஆடியது ஓர் ஆட்டம். பீலும் கிளிப்பர்ஸுக்கு ஆறு ஆட்டங்கள் ஆடியபின் இடுப்பெலும்பு முறிந்து அந்தப் பருவத்தை முடித்துக்கொண்டார்.

காயம் யார் கையிலும் இல்லை. தேர்வு அப்படியல்ல. 2019ல் புரூக்ளினில் சேர்ந்த டுரான்ட்டும் கைரி எர்விங்கும் உச்சத்தொகையிலிருந்து கொஞ்சம் இறங்கியது, நண்பர் டிஆண்ட்ரே ஜோர்டனுக்கு நான்காண்டுக்கு 40 மில்லியன் கொடுப்பதற்காக. ஈராண்டில் ஜோர்டன் டெட்ராய்ட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காலகட்டம் முழுவதிலும் பிளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றுகளில் புரூக்ளின் வென்ற தொடர் ஒன்றே ஒன்று. விட்ட பணம் சரியான ஆளிடம் போகாவிட்டால் விட்டதில் அர்த்தமில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் குழு மேலாளர், ஆட்டக்காரரின் நட்பு வட்டம் அல்ல.

ஜேம்ஸ் ஹார்டன் கதை, மேலே சொன்ன ஏப்ரன் கணக்கு உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்கு நல்ல சான்று. 2022ல் ஃபிலடெல்ஃபியாவில் அவருக்கு உறுதியாகியிருந்த 47.4 மில்லியனை விட்டு விலகி, 33 மில்லியனுக்குத் திரும்பக் கையெழுத்திட்டார். குழு அப்போது இருந்த ஒரே ஏப்ரன் கோட்டுக்குக் கீழே வந்தது. முழு மிட் லெவல் சலுகையில் பி.ஜே. டக்கரும், ஈராண்டுக்கு ஒருமுறை பயன்படுத்தும் சலுகையில் டானுவெல் ஹவுஸும் வந்தார்கள். 2023ல் இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பாஸ்டனிடம் தோல்வி. அனுமதிக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே அந்த இருவரிடமும் பேசியதற்காக டிராஃப்ட் எனப்படும் புதிய ஆட்டக்காரர் தேர்வில் ஃபிலடெல்ஃபியாவுக்கு இருந்த இரண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளையும் லீக் பறித்திருந்தது. அடுத்த கோடையில் எதிர்பார்த்த பெரிய ஒப்பந்தம் ஹார்டனுக்கு வரவில்லை. குழு நிர்வாகத் தலைவர் டாரில் மோரியைப் பொய்யர் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதையொட்டிய பேச்சுகளுக்காக லீக் 100,000 டாலர் அபராதம் விதித்தது. பருவம் தொடங்கியதும் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார்.

இன்று குறைத்துக்கொள், நாளை ஈடுகட்டுகிறேன் என்று வாய்மொழியாகக்கூட ஒரு குழு வாக்குத்தர முடியாது. காரணம் ஜோ ஸ்மித் விவகாரம். மினசோட்டா அவரைச் சில ஆண்டுகள் மலிவாக ஆடவைத்து, பேர்டு உரிமை சேர்ந்ததும் பெரிய ஒப்பந்தம் தருவதாக இரகசியமாக எழுதிக்கொடுத்தது. 2000ல் அது வெளிப்பட்டபோது 3.5 மில்லியன் டாலர் அபராதம், ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் பறிமுதல், ஒப்பந்தங்கள் செல்லாது என்ற தீர்ப்பு. பின்னர் இரண்டு வாய்ப்புகளைத் திருப்பித் தந்தார்கள். கெவின் கார்னெட் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இளம் ஆட்டக்காரர்களைச் சேர்க்க வழியில்லாமல் அந்தக் குழு திணறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒருவர் குறைத்து வாங்கினால், சட்டப்படி அவர் கையில் எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் எடுப்பது நிஜமான ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் விமர்சகர்கள் ஆட்டக்காரர்களுக்குரிய மதிப்பைத் தருவதே இல்லை.

லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் 2023ல் செய்த கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய குழுவுக்கு மிட் லெவல் சலுகையே இல்லை. இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஏழாண்டு தள்ளியிருக்கும் முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பு முடக்கப்படுகிறது. 2024ல் பட்டம் வென்ற பாஸ்டன் அடுத்த கோடையிலேயே ஜூரு ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் அனுப்பியது இந்தச் சுமையால்தான். எனவே பெருந்தொகையை விடுவதைவிட, சரியான கோட்டுக்குக் கீழே வரச் சிறுதொகையை விடுவதே இப்போது பயன் மிக்கது. 2024ல் லெப்ரான் ஈராண்டுக்கு சுமார் 104 மில்லியன் கேட்டிருக்கலாம், சுமார் 101 மில்லியனுக்கு எழுதிக்கொடுத்தார்; லேக்கர்ஸ் மயிரிழையில் இரண்டாம் ஏப்ரனுக்குக் கீழே நின்றது. மூன்று மில்லியன் தலைப்புக்கு உதவாது. ஆனால் அது காப்பாற்றிய உரிமைகள் மூன்று மில்லியனுக்கு வாங்கமுடியாதவை.

என் வேண்டுகோள் இதுதான். இத்தகைய செய்தியை வெளியிடும்போது, ஒரே கால அளவில் அவர் கேட்டிருக்கக்கூடிய தொகை, கையெழுத்திட்ட தொகை, அதனால் குழு எந்தக் கோட்டுக்குக் கீழே வந்தது, அந்த இடத்தில் யார் வந்தார் ஆகிய நான்கையும் இரண்டு வரியில் சேர்த்துவிடுங்கள். நான்காவதற்குப் பதில் இல்லையென்றால், யாரும் வரவில்லை என்றே எழுதுங்கள்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். ஃப்ரீ ஏஜெண்ட் பேச்சுகள் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஜூன் 30 மாலை ஆறு மணிக்குத் திறந்தால், நமக்கு ஜூலை 1 காலை ஆறு மணி. அன்று காலை கொட்டும் செய்திகள் எல்லாம் முகவர்கள் சொல்வது, கையெழுத்தான ஒப்பந்தங்கள் அல்ல. கையெழுத்துக்குப் பெரும்பாலும் அவர்கள் நாளில் ஜூலை 6 நண்பகல்வரை காத்திருக்க வேண்டும், நமக்கு அது ஜூலை 7 நள்ளிரவு. இடைப்பட்ட நாள்களில் மனம் மாறலாம்: 2015ல் டிஆண்ட்ரே ஜோர்டன் டாலஸுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கையெழுத்திடும் நேரத்தில் கிளிப்பர்ஸுக்கே திரும்பினார். எந்த ஆண்டில் விலகும் உரிமை இருக்கிறது, எவ்வளவு உறுதியளிக்கப்பட்ட தொகை என்ற விவரங்களும் அதன் பிறகுதான் வெளியே வரும். ஆகவே ஜூலை 1ஆம் தேதிச் செய்தியை "சம்மதித்திருக்கிறார்" என்று வெளியிட்டு, கணக்கை ஜூலை இரண்டாம் வாரத்தில் ஒரு முறை விரிவாகப் போட்டால் போதும்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர்,
ஈசூன்